சேஷாசலம் 2015: ஒரு சாட்சி தில்லி சேர்வதற்கு ஆகும் செலவு

2015 ஏப்ரல் 7 அன்று, அப்போதைய சித்தூர் மாவட்டத்தின் சந்திரகிரிப் பகுதியில், திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓரிடத்தில் 9 உடல்கள், மற்றோரிடத்தில் 11. செம்மரம் வெட்ட வந்தவர்கள் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்றது ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. இறந்தோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் கூலித் தொழிலாளர்கள். சித்தேரி மலையின் பழங்குடியினரும் அவர்களுள் அடங்குவர்.

இந்நிகழ்வு கடத்தலின் கதையாகவும் இரு மாநிலங்களின் பிணக்காகவும் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. இந்தியாவில் மனித உரிமைப் பணிக்கு யார் பணம் தருவது என்ற நீண்ட விவாதத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு. அந்தக் கோணம் அதிகம் கவனிக்கப்படவில்லை.

காவல்துறையின் கூற்றை மறுக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. உடன் புறப்பட்டு, வழியில் தற்செயலாகப் பிரிந்து உயிர் தப்பியவர்கள் அவர்கள். தம்மோடு வந்தவர்கள் காட்டில் அல்ல, வழியிலேயே பிடிக்கப்பட்டார்கள் என்பது அவர்களது வாக்குமூலத்தின் சாரம். சொல்வது எளிது. ஆனால் அதைச் சொல்லும் கூலித் தொழிலாளிக்கு அன்றிரவு பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும், வேலைக்குப் போகாத நாள்களில் அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், தில்லிக்குப் பயணச்சீட்டு வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். சாட்சியின் மொழி தமிழ், சந்திரகிரிக் காவல் நிலையத்தின் மொழி தெலுங்கு, தேசிய மனித உரிமை ஆணையத்தின் மொழி ஆங்கிலமும் இந்தியும். ஒரே வாக்குமூலம் மூன்று மொழிகளைக் கடக்கும்போது ஒரு வினைமுற்றின் காலம் பிறழ்ந்தாலும் எதிர்த்தரப்புக்கு அது போதும்.

இந்தச் சுமையை ஏற்றது மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம். ஏப்ரல் 13 அன்று சாட்சிகள் தில்லியில் ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்க ஆணையம் பணித்தது. பின்னர் சி.பி.ஐ. விசாரணையையும், குடும்பம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்தையும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர்நீதிமன்றத்தை அணுகி அதற்குத் தடை பெற்றது.

அதே ஏப்ரலில் ஐதராபாத் உயர்நீதிமன்றத்தின் படியேறியது வேறொரு மரபைச் சேர்ந்த அமைப்பு: ஆந்திரப் பிரதேசக் குடிமை உரிமைக் குழு. 1970களில் உருவான இக்குழு, நெருக்கடி நிலையில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிவைத்த மக்கள் சிவில் உரிமைக் கழகத்தைப் போலவே, வெளிநாட்டு நிதியைத் தொடாதது. உறுப்பினர் சந்தா, பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் தரும் நேரம், சொந்தச் செலவில் உண்மை அறியும் பயணம் என்பதே அதன் முறை. அந்த முறையின் சாதனை சிறிதன்று. மோதல் சாவு ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று ஆந்திர உயர்நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2009இல் அளித்த தீர்ப்பு இக்குழு தொடுத்த வழக்கில் வந்தது; உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது வேறு கதை. மோதல் சாவுகளை எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014 செப்டம்பரில் வகுத்த 16 நெறிமுறைகளும் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் பிறந்தவையே.

ஆகவே, பணமில்லாமல் உரிமைப் பணி நடவாது என்பது வரலாற்றுக்குப் பொருந்தாத கூற்று. சந்தாவில் இயங்கிய அமைப்புகளே சட்டத்தை உருவாக்கின. ஆயினும் அச்சட்டத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த ஒரு சாட்சியை வாரக்கணக்கில் காப்பது, ஓய்வு நேரத் தொண்டர்களின் கையிருப்புக்கு எளிதில் அடங்காத வேலை. நிதி பெறும் அமைப்புகளை ஐயுறும் பழைய இடதுசாரி விமர்சனம் இந்த இடத்தில் சற்றே அவசரப்பட்டுவிடுகிறது.

நிதிக்கு விலையும் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல், நெருக்கடி நிலையின்போது பிறந்தது. அதன் இடத்தில் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கச் சொன்னது. மக்கள் கண்காணிப்பகத்தை நடத்தும் அறக்கட்டளையின் பதிவு 2012 முதல் அடுத்தடுத்து இடைநிறுத்தப்பட்டு, தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்று மீண்டது. சேஷாசலச் சாட்சிகள் தில்லி சென்றது அந்த மீட்சிக்கும் அடுத்த மறுப்புக்கும் இடைப்பட்ட காலத்தில். 2016 அக்டோபர் இறுதியில் புதுப்பித்தல் மறுக்கப்பட்டது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களுக்குத் தகவல் அளித்து நாட்டின் மனித உரிமை நிலையைப் பாதகமாகச் சித்திரித்தது என்பது அரசு பின்னர் நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களுள் ஒன்று. அந்த மறுப்பு சட்டப்படியானதாகவோ புறவயமானதாகவோ தோன்றவில்லை என்று 2016 நவம்பரில் கருத்துரைத்தது தேசிய மனித உரிமை ஆணையம். பத்தொன்பது மாதங்களுக்கு முன் அச்சாட்சிகள் யார் முன் நின்றார்களோ அதே ஆணையம்.

உள்நாட்டுப் பணம் அந்த இடத்தை நிரப்பலாமே என்ற கேள்வி நியாயமானது. 2013 நிறுவனச் சட்டம் பெருநிறுவனங்களின் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் கல்வி உண்டு, சுகாதாரம் உண்டு, விளையாட்டும் உண்டு. மனித உரிமை என்ற சொல் இல்லை. காவல்துறைக்கு எதிரான சாட்சியைக் காக்கப் பணம் தரும் நிறுவனத்தைக் கற்பனை செய்வதும் கடினம்.

இதற்கு முரணாக, 2005இல் ஐ.நா. ஜனநாயக நிதியம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் கொடையாளர்களுள் இந்தியாவும் ஒன்று. தொடக்கத் தொகை 1 கோடி டாலர். அந்நிதியம் பெரும்பாலும் ஆதரிப்பது பல நாடுகளின் குடிமைச் சமூக அமைப்புகளை. எல்லை கடந்த நிதி ஜனநாயகத்தை வளர்க்கும் என்பதைத் தில்லி கொள்கையளவில் ஒருபோதும் மறுக்கவில்லை. பணம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதில்தான் வேறுபாடு.

2020 திருத்தம், பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதை அறவே தடுத்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. வழக்கறிஞர் ஊதியமும் பயணமும் எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்பது உரிமை அமைப்புகளுக்கு வெறும் கணக்கு நுணுக்கம் அன்று.

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. சந்திரகிரி புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. நான்கு நாள் கழித்து, நோயல் ஹார்ப்பர் வழக்கில், வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை ஆகாது என்று கூறி உச்சநீதிமன்றம் 2020 திருத்தத்தைப் பெருமளவில் ஏற்றது.