ஆக்னஸ் ஏரிக்கு ஏறும் பாதை

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரின் லூயிஸ் ஏரிக்கரையிலிருந்து ஒரு நடைபாதை காட்டுக்குள் ஏறுகிறது. 3.5 கிலோமீட்டர் நடந்து, ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏறினால் ஆக்னஸ் ஏரி வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,130 மீட்டர் உயரத்தில், மரங்கள் வளர்வது நிற்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே, பாறைச் சிகரங்களுக்கு நடுவில் கிடக்கும் சின்ன ஏரி இது. காலையில் கிளம்பியவர் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். இன்று ஆயிரக்கணக்கானோர் நடக்கும் இந்தப் பாதை ரயில் கம்பெனி ஒன்றின் வியாபாரத்தில் பிறந்தது.

அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைகளை அறிந்தவர்கள் ஸ்டோனி நகோடா மக்கள். 1882இல் கனடியன் பசிபிக் ரயில்வேயின் நில அளவைக் குழுவுக்குப் பொதிக்குதிரை ஓட்டிவந்த டாம் வில்சன், இடி போன்ற முழக்கத்தைக் கேட்டு அது என்னவென்று விசாரித்தார். சின்ன மீன்களின் ஏரிக்கு மேலே உள்ள பனிமலையின் ஓசை அது என்றார் ஒரு நகோடா வழிகாட்டி. அவர் அழைத்துப் போய்க் காட்டிய ஏரிக்கு வில்சன் ‘எமரால்டு’ என்று பெயர் வைத்தார். 1884இல் விக்டோரியா அரசியின் மகள் லூயிஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மேலேயுள்ள ஏரியோ கனடாவின் முதல் பிரதமர் ஜான் மெக்டொனால்டின் மனைவி ஆக்னஸின் பெயரைத் தாங்குகிறது. வழிகாட்டியவர்கள் வைத்த பெயர் வரைபடத்தில் ஏறவில்லை.

1885இல் ரயில்பாதை முடிந்தது. ஆளில்லாத மலைப்பகுதியில் வண்டி ஓட்டிப் பணம் பார்ப்பது கடினம். எனவே மலையழகைக் காட்டிப் பயணிகளை வரவழைக்கும் திட்டத்தைக் கம்பெனியின் தலைவர் வில்லியம் வான் ஹோர்ன் முன்னெடுத்தார். 1890இல் லூயிஸ் ஏரிக்கரையில் மரக்கட்டையாலான சிறு விடுதி எழுந்தது. பின்னாளில் அது பெரிய ஹோட்டலாக வளர்ந்தது. 1896இல் அருகிலுள்ள லெஃப்ராய் சிகரத்தில் பிலிப் ஆபட் என்ற அமெரிக்கர் விழுந்து இறந்தார். அதன்பின், மலையேறுபவர்களின் பாதுகாப்புக்காக, 1899இல் எட்வர்ட் ஃபாய்ஸ், கிறிஸ்டியன் ஹாஸ்லர் ஆகிய சுவிஸ் வழிகாட்டிகளைக் கம்பெனி வேலைக்கு வைத்தது.

ஆனால் விடுதிக்கு வந்தவர்களில் சிகரம் ஏறுபவர்கள் கொஞ்சம்தான். காலை உணவு முடித்துக் கிளம்பி, அழகான ஓரிடத்தைப் பார்த்துவிட்டு, இரவு உணவுக்குத் திரும்ப விரும்பியவர்களே அதிகம். அவர்களை மனத்தில் வைத்து 1901இல் ஆக்னஸ் ஏரியின் விளிம்பில், அருவி விழும் இடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஒதுங்கிடம் கட்டினார்கள். 1905இல் அங்கே தேநீர் கொடுக்கத் தொடங்கினார்கள். 1920களில் அருகிலுள்ள ‘ஆறு பனியாறுகளின் சமவெளி’ என்ற இடத்தில் இன்னொரு தேநீரகத்தைச் சுவிஸ் வழிகாட்டிகளே கட்டினர்.

இதே காலத்தில் நகோடா மக்களுக்கு நேர்ந்ததை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது. 1887இல் சட்டப்படி அமைந்த ராக்கி மலைப் பூங்கா விரிந்துகொண்டே போய் இப்பகுதியையும் உள்ளடக்கியது. வேட்டை தடைசெய்யப்பட்டது. மலையை நம்பி வாழ்ந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். 1930இல் பான்ஃப் தேசியப் பூங்கா என்று பெயர் மாறியபோது, அது விருந்தினருக்கான இடமாகவே ஆகிவிட்டிருந்தது. கார்கள் வந்தபின், ரயில் காலத்துச் செல்வந்தர்களோடு சாதாரணக் குடும்பங்களும் பாதையில் ஏறின.

ஆக்னஸ் ஏரியின் பழைய தேநீரகக் கட்டடம் 1981இல் மாற்றிக் கட்டப்பட்டது; பழைய சன்னல்களும் மேசை நாற்காலிகளும் காப்பாற்றப்பட்டன. இன்றும் மேலே மின்சாரம் இல்லை. மாவு, சர்க்கரை போன்ற கனமான சரக்குகள் பருவத் தொடக்கத்தில் ஹெலிகாப்டரில் வந்திறங்கும். காய்கறி போன்றவற்றைப் பணியாளர்கள் முதுகில் சுமந்து ஏறுகிறார்கள். இறங்கும்போது குப்பையைக் கீழே கொண்டுவருகிறார்கள். செப்டம்பரில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும் நாள்களில் கூட்டம் அதிகம். பனி சூழ்ந்துவிடுவதால், அக்டோபரில் பூட்டும் தேநீரகம் மறுபடி ஜூனில்தான் திறக்கும்.