வேகத்துக்கு ஒரு பள்ளிக்கூடம்

1967இல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தில் ஸ்டியரிங் பாகம் உடைந்து பந்தய வீரர் பாப் பாண்டுரன்ட்டின் கார் உருண்டது; மறு ஆண்டே அவர் கலிபோர்னியாவில் ஓட்டுநர் பள்ளி திறந்தார். வேகம் பிறவித் துணிச்சல் என்ற நம்பிக்கையைத் தகர்த்தவை இத்தகைய பள்ளிகளே என்பேன். அவை சொல்லித்தந்தது எடைக் கணக்கு. பிரேக்கை மிதித்தால் பாரம் முன்சக்கரங்களுக்குப் போகும். எஞ்சின் பின்னால் உள்ள போர்ஷே 911இல், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வால் வெளியே வீசும். பயந்தவனின் கால் செய்வதும் அதைத்தான்! பயிற்சி மிதப்பை வளர்க்கும் என்பது வலுவான ஆட்சேபம்: நார்வேயில் வழுக்குச் சாலைப் பயிற்சிக்குப் பின் இளம் ஆண்களின் விபத்துகள் கூடியதாக ஆய்வு காட்டியது. ஆனால் சறுக்கிய காரை மீட்கும் வித்தை வேறு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் பழக்கம் வேறு.