எஸ்கியூலைட் உருவாக்க விருப்பங்கள்

எஸ்கியூலைட் உருவாக்க விருப்பங்கள் என்பன, எஸ்கியூலைட் என்னும் உட்பொதி தரவுத்தள நிரலகத்தை மூலநிரலிலிருந்து உருவாக்கும்போது நிரல்மொழிமாற்றிக்குத் தரப்படும் அமைப்புகள் ஆகும். எந்த வசதிகள் நிரலகத்தில் இடம்பெற வேண்டும், எவை நீக்கப்பட வேண்டும் என்பதை இவை முடிவு செய்கின்றன. தமிழ் உரைகளைச் சேமித்துத் தேடும் மென்பொருள்களில் இத்தேர்வு தேடலின் சரித்தன்மையையும் பாதிக்கிறது.

பின்னணி

எஸ்கியூலைட்டை 2000 ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் உருவாக்கினார். இது தனி வழங்கியாக இயங்குவதில்லை. பயன்படுத்தும் மென்பொருளுக்குள்ளேயே சேர்க்கப்படுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட மூலக்கோப்புகள் ஒரே சி கோப்பாக இணைக்கப்பட்டும் வழங்கப்படுவதால், பெரிய மென்பொருள்கள் அதைத் தம் மூலநிரலோடு சேர்த்துத் தமக்கேற்ற விருப்பங்களுடன் உருவாக்கிக்கொள்கின்றன.

முக்கிய விருப்பங்கள்

* இழைப் பாதுகாப்பு: 0, 1, 2 என மூன்று மதிப்புகள் உண்டு, இயல்பு மதிப்பு 1. 0 எனில் பூட்டுகள் நீக்கப்படும். ஒரே இழையில் இயங்கும் மென்பொருளுக்கே அது பொருந்தும். 2 எனில் ஓர் இணைப்பை ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பயன்படுத்தலாம்.
* பாதுகாப்பான அழிப்பு: அழிக்கப்பட்ட தரவு இருந்த இடத்தைச் சுழியங்களால் நிரப்பும்.
* முழு உரைத் தேடல்: எஃப்டிஎஸ்3, எஃப்டிஎஸ்5 போன்ற தேடல் கூறுகளைச் சேர்க்கும்.
* ஐசியூ: ஒருங்குறி சார்ந்த வரிசைப்படுத்தலுக்கு ஐசியூ நிரலகத்தை இணைக்கும்.

பரிந்துரைக்கப்படும் விருப்பங்கள் அனைத்தையும் பயன்படுத்தினால் நிரலகத்தின் அளவு சுமார் 3 விழுக்காடும், செயலியின் வேலை சுமார் 5 விழுக்காடும் குறையும் என எஸ்கியூலைட் ஆவணம் கூறுகிறது. வசதிகளை நீக்கும் விருப்பங்களுள் பல, இணைக்கப்பட்ட ஒற்றைக் கோப்புடன் சரியாக இயங்குவதில்லை.

பெரிய மென்பொருளில்: பயர்பாக்சு

2008 இல் வெளியான பயர்பாக்சு 3, புத்தகக்குறிகளையும் உலாவல் வரலாற்றையும் எஸ்கியூலைட்டில் சேமித்தது. லினக்சு வழங்கல்கள் சில, கணினியில் ஏற்கெனவே உள்ள எஸ்கியூலைட்டையே உலாவியும் பயன்படுத்துமாறு அமைத்தன. அந்த நிரலகம் பாதுகாப்பான அழிப்பு விருப்பத்துடன் உருவாக்கப்படாதிருந்தபோது, பயர்பாக்சின் அமைப்பு நிரல் பிழை காட்டி நின்றுவிட்டது. அவ்விருப்பம் இல்லையெனில், பயனர் அழித்த வரலாறு கோப்பிலேயே எஞ்சியிருக்கக்கூடும் என்பதே காரணம்.

தமிழ்த் தேடலும் வரிசையும்

குன்னூர்த் தேயிலைத் தோட்டங்கள் பற்றிய ஆவணங்களைத் தேடும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஃப்டிஎஸ்5 கூறில் இயல்பாக அமையும் சொற்பிரிப்பி யூனிகோடு61 ஆகும். எழுத்துகளையும் எண்களையும் சொல்லின் பகுதிகளாகக் கொள்ளும் இது, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் இடைவெளியைப் போலக் கருதுகிறது. எனவே 'தேயிலை' என்ற சொல் த, ய, ல என மூன்று துண்டுகளாகிறது. 'தீயில்' என்பதும் அதே துண்டுகளாகிறது. ஆகவே தேயிலையைத் தேடுபவருக்குத் தீயில் என்ற சொல் உள்ள ஆவணமும் கிடைக்கும்.

எஃப்டிஎஸ்5 கூறைச் சேர்த்து உருவாக்குவது மட்டும் இதற்குப் போதாது. தேடல் அட்டவணையை உருவாக்கும்போது, சொற்பிரிப்பியின் 'வகைகள்' அமைப்பில் இடைவெளி விடும் குறிகள், இடைவெளி விடாக் குறிகள் ஆகிய இரு ஒருங்குறி வகைகளையும் சேர்க்க வேண்டும். ஆஸ்கி சொற்பிரிப்பியைத் தேர்வது மற்றொரு வழி. அது ஆஸ்கி அல்லாத எல்லாக் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்கிறது.

வரிசைப்படுத்தலிலும் இத்தகைய சிக்கல் உண்டு. எஸ்கியூலைட் இயல்பாகப் பைட்டுகளை ஒப்பிடுகிறது. ஒருங்குறியில் னகரம் பகரத்திற்கு முன் இருப்பதால் 'மனை, மலை, மழை' என்ற வரிசை கிடைக்கும். தமிழ் நெடுங்கணக்கின்படி 'மலை, மழை, மனை' என்பதே சரி. ஐசியூ விருப்பத்துடன் உருவாக்கி, தமிழுக்குரிய ஒப்பீட்டு முறையைப் பதிவு செய்தால் இது சீராகும். ஆனால் நிரலின் அளவு பெருகும்.

சரிபார்த்தல்

ஒரு நிரலகம் எந்த விருப்பங்களுடன் உருவாக்கப்பட்டது என்பதை 'பிராக்மா கம்பைல்_ஆப்சன்சு' என்னும் கட்டளை பட்டியலிடும். சொற்பிரிப்பியின் அமைப்பு அட்டவணைக்கு உரியது என்பதால் அது இப்பட்டியலில் தோன்றாது. அட்டவணையை உருவாக்கிய கட்டளையிலேயே பார்க்க வேண்டும்.