துண்டும் தகர வில்லையும்

அரங்கன் கோபுரம் கண்ணுக்கெட்டும் திருச்சிராப்பள்ளியின் ஸ்தல மகிமைகளை விஸ்தாரமாக வர்ணிப்போர், 1904-இல் இலங்கைத் தோட்டத் துரைமார்கள் ஆள் சேர்க்கும் பொருட்டு இங்கே ஸ்தாபித்த தொழிலாளர் கமிஷனைப் பற்றி ஏனோ அதிகம் பிரஸ்தாபிப்பதில்லை. கங்காணியின் முன்பணத்தை நம்பிக் கடல் கடந்த குடியானவனுக்கு அந்நாளில் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் பொறித்திருந்தது அவன் பெயரன்று, அவன் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமே. அதன் பேரில்தான் வழிச்செலவு தோட்டக் கணக்கில் ஏறிற்று; பிரயாணம் முடியும்வரை குலமும் கோத்திரமும் அதுவே.

அதனினும் விசித்திரமானது 'துண்டு'. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றில் வேலை தேடுவோர், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று பழைய துரை எழுதிக்கொடுத்த சீட்டைப் புதிய துரையிடம் நீட்டவேண்டும். ஆக, புது எஜமானன் முதலில் வாசித்தது ஆளின் சாமர்த்தியத்தையன்று, கடனையே. 1921-இல் சட்டம் இத்துண்டை ஒழித்தது.

இன்றோ, நியமன உத்தரவு வருமுன்னரே ஆதார் எண்ணைக் கேட்கும் படிவங்கள் உண்டு. தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க இடமளித்த சட்டப்பகுதியை உச்ச நீதிமன்றம் 2018-இல் ரத்துசெய்த பின்னும், பன்னிரண்டு கட்டங்கள் அச்சில் அப்படியே நிற்கின்றன.