24 ஆண்டுக்குப் பிறகு ஒரே மேடையில் பிங்க் ஃப்ளாய்ட்: அந்த நிதிக் கச்சேரியில் நிதி எங்கே?

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க். ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். அதற்கு முன் நால்வரும் ஒன்றாக மேடை ஏறியது 1981 ஜூனில்.

ஏன் பிரிந்தார்கள்?

1985-ல் வாட்டர்ஸ் விலகினார். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயர் யாருக்கு என்ற சண்டை கோர்ட் வரை போனது. லைவ் 8 கச்சேரிக்காகப் பாப் கெல்டாஃப் கேட்டபோது கில்மோர் முதலில் மறுத்துவிட்டார். பிறகு வாட்டர்ஸே போன் செய்து பேசித்தான் சம்மதிக்க வைத்தார்.

டிக்கெட் காசு யாருக்குப் போனது?

டிக்கெட்டே இலவசம். ஒன்றரை பவுண்டு கட்டணத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் குலுக்கலில் கிடைக்கும். 20 லட்சத்துக்கும் மேல் எஸ்.எம்.எஸ். வந்தது. ஆனால் நிதி திரட்டுவது நோக்கமே இல்லை. நான்கு நாளில் ஸ்காட்லாந்தில் கூடவிருந்த ஜி8 தலைவர்களுக்கு நெருக்கடி கொடுப்பதுதான் திட்டம்.

நெருக்கடி பலித்ததா?

பாதிதான். 18 ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்ய ஒப்புக்கொண்டார்கள். 2010-க்குள் ஆப்பிரிக்காவுக்கான ஆண்டு உதவியை 2,500 கோடி டாலர் கூட்டுவதாகவும் சொன்னார்கள். கெடு முடிந்தபோது அந்த உயர்வில் பாதிகூட வந்து சேரவில்லை என்று ஓ.இ.சி.டி. கணக்கு காட்டியது.

இசைக்குழுவுக்கு லாபமா?

அடுத்த வாரமே பிரிட்டனில் அவர்களின் 'எக்கோஸ்' தொகுப்பு விற்பனை, எச்.எம்.வி. கடைகளில் 1,343 சதவீதம் எகிறியது. தனக்கு வரும் லாபத்தைத் தொண்டுக்குத் தருவதாக அறிவித்த கில்மோர், மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். 2008-ல் ரைட் இறந்தார். நால்வரும் சேர்ந்த மேடை அதோடு முடிந்தது.

நமக்கென்ன இதில்?

நாளைக்கே கிழக்கேகோட்டை புத்தரிக்கண்டம் மைதானத்தில் ஒரு வெள்ள நிவாரணக் கச்சேரி என்று போஸ்டர் பார்க்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். மேடையில் யார் என்பதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். இது பணம் திரட்டவா, கவனம் ஈர்க்கவா? பணம் என்றால், செலவு போக மிச்சம் எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள் போகும்? வாக்குறுதி என்றால், அதை யார், எப்போது சரிபார்ப்பார்கள்? லைவ் 8-ன் மீதிப் பாதி தெரியவந்ததே, ஐந்து ஆண்டு கழித்தும் ஒருவர் கணக்குப் பார்த்ததால்தான்.