ஊர்க்குளமும் நகர நீச்சற்குளமும்

மும்பை மாநகரில் வாழும் நம்மவர் நாள்தோறும் சொல்லும் இடப்பெயர்களுள் சில தண்ணீரை நினைவூட்டுவன. தோபி தலாவ் என்றால் வண்ணார் குளம். சி. பி. டேங்க் என்பது காவஸ்ஜி பட்டேல் என்னும் பார்ஸிப் பிரமுகரின் பெயரால் அமைந்த குளம். கோவாலியா டேங்க் கால்நடைகளை நீராட்டிய குளம். ஆயினும் இன்று அவ்விடங்களுக்குச் சென்று தேடுவோர் குளத்தைக் காணார். பெயரை மட்டுமே காண்பர்.

குளங்கள் மறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1860இல் விஹார் ஏரியின் நீர் குழாய் வழியே நகருக்கு வரத் தொடங்கிற்று. பின்னர்த் துளசி, தான்ஸா ஏரிகளும் துணை நின்றன. குடிநீருக்குக் குளம் வேண்டுவதில்லை என்ற நிலை உண்டாயிற்று. 1911இல் டாக்டர் பென்ட்லி, நகரின் மலேரியாக் காய்ச்சலை ஆராய்ந்து, கிணறுகளிலும் தேங்கிய நீர்நிலைகளிலும் வளரும் கொசுவே அதற்குக் காரணம் எனக் காட்டினார். குளங்கள் தூர்க்கப்பட்டன. அவ்வாறு தூர்த்த கோவாலியா டேங்க் மைதானத்தில்தான் 1942 ஆகஸ்ட் 8ஆம் நாள் ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற முழக்கம் எழுந்தது.

குளம் போன இடத்தில் பூங்கா வந்தது. 1896இல் பரவிய பிளேக் நோயினால் நகரம் நடுங்கிற்று. அதன் விளைவாக 1898இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் நிறுவப்பெற்றது. காற்றோட்டமான தெருக்களும் திறந்த வெளிகளுமாகத் தாதர், மாட்டுங்காப் பகுதிகள் திட்டமிடப்பெற்றன. மாட்டுங்காத் தமிழர் மாலையில் உலாவும் ஐந்து தோட்டங்கள் அத்திட்டத்தின் பயனே. 1925இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சிவாஜி பார்க் மைதானத்தை ஒட்டி, பிற்காலத்தில் நகராட்சியின் மகாத்மா காந்தி நினைவு நீச்சற்குளம் அமைந்தது. செம்பூரிலும் ஜெனரல் அருண்குமார் வைத்யா பெயரால் ஒரு நகராட்சி நீச்சற்குளம் உண்டு. தூர்த்த குளம் வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம்.

பழைய குளத்திற்கும் புதிய குளத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? ஊர்க்குளத்து நீரை மழை கொணரும்; வெயில் காயவைக்கும். நீச்சற்குளத்து நீரையோ மனிதனே காத்தல் வேண்டும். 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். அந்நீரை இடைவிடாது இறைத்து, மணல் வடிகட்டியிற் செலுத்தி, குளோரின் கலந்து மீண்டும் குளத்திற் சேர்த்தல் வேண்டும். குளிப்போர் இறங்குமுன் உடல் கழுவுதற்கு இடம் வேண்டும். தரை மெல்லச் சரிதல் வேண்டும். சிறுவர்க்கு ஆழமற்ற தனிக்குளம் வேண்டும். இவையெல்லாம் பொறியாளர் அறிந்து தீர்க்கக்கூடியவை. ஆனால் பொறியாளர் மட்டும் தீர்க்கவியலாத கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது: அந்நீரில் யார் இறங்கலாம்?

நாம் விட்டு வந்த ஊர்களை இங்கு நேர்மையுடன் நினைத்தல் நலம். குளத்தங்கரையின் குளிர்ச்சியைப் புகழும் நாம், அக்குளத்தின் படித்துறைகள் சாதிக்கொன்றாகப் பிரிந்து கிடந்ததையும் மறத்தலாகாது. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலிற் புகுந்தவருள் பலர், அந்தப் படித்துறைகளில் இடம் மறுக்கப்பட்டவரின் வழிவந்தோர். மும்பையிலும் வேற்றுமை வேறு வடிவிற் காத்திருந்தது. பிரீச் காண்டிக் கடலோர நீச்சற்குளம் அந்நாளில் ஐரோப்பியர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது.

1923இல் பம்பாய்ச் சட்டசபையில் சீதாராம் கேசவ் போலே ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுப்பணத்திற் பேணப்படும் குளங்களும் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறிற்று, நடைமுறையோ மாறவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் மகாட் நகரின் சவுதார் குளத்திற்கு மக்களை அழைத்துச் சென்று அந்நீரை அருந்தினார். எதிர்த்தோர் பின்னர்க் குளத்திற்குத் ‘தீட்டுக் கழித்தனர்’, வழக்கும் தொடுத்தனர். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் உரிமை நிலைபெற 1937 ஆயிற்று. அப்பெரியார் வாழ்ந்த ராஜகிருஹம் என்னும் இல்லம் மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் இன்றும் நிற்கிறது.

பிற நாடுகளின் வரலாறும் இதையே கூறுகிறது. நியூயார்க் நகரம் 1936ஆம் ஆண்டுக் கோடையில் மட்டும் 11 பெரும் பொதுக் குளங்களைத் திறந்தது. அதே அமெரிக்காவில் ஜாக்சன் என்னும் நகரம், கறுப்பின மக்களோடு ஒரே குளத்தில் நீந்துவதினும் குளமே இல்லாதிருப்பது மேல் எனக் கருதி, நகராட்சிக் குளங்களை மூடிவிட்டது. 1971இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அம்மூடல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

நமது அரசியலமைப்பு இவ்வகையில் தெளிவாகப் பேசுகிறது. கிணறு, குளம், நீராடுதுறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியன அரசுப் பணத்திற் பேணப்படுமாயின், அவற்றைப் பயன்படுத்துவதற்கு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றால் மட்டும் எவர்க்கும் தடை கூடாது என்று அதன் 15ஆம் பிரிவு விதிக்கிறது. ‘பிறந்த இடம்’ என்ற சொல்லைப் பிறமாநிலத்தில் வாழும் நாம் சற்று நின்று படித்தல் தகும். சாதியால் விலக்கப்பட்டவனைக் காக்கும் அதே வாக்கியம், வெளியூரான் எனப்படும் நம்மையும் காக்கிறது. ஒன்றை வேண்டி மற்றொன்றை மறக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே ஒரு பேட்டையின் பூங்காவில் குளம் அமைக்கும்போது, அதன் நீளத்தையும் ஆழத்தையும் மட்டும் வரைபடத்திற் குறித்தல் போதாது. உறுப்பினர் கட்டணம் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டுமா, பெண்கள் தயக்கமின்றி வரத்தக்க நேரமும் உடைமாற்றும் அறையும் உண்டா, தாராவிச் சிறுவன் நடந்தே வந்து சேர முடியுமா என்பனவும் அவ்வரைபடத்தின் பகுதிகளே. சட்டம் திறந்த கதவைக் கட்டணம் சாத்திவிடலாகாது. கடல் சூழ்ந்த இந்நகரில் நீந்தக் கற்பது உயிர்காக்கும் கல்வியுமாகும். அக்கல்வியைத் தம் பிள்ளைகளுக்குக் கேட்கும் நம்மவர், அடுத்த தெருப் பிள்ளைக்கும் சேர்த்தே கேட்பாராக.