மாதக் கடைசியின் வரலாறு: தமிழ்நாட்டுக் குடும்பக் கணக்கில் சம்பளத் தேதியும் செலவுத் தேதியும்

கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை, கடன் எத்தனை வட்டி என்ற கேள்விகளை வைத்துத்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நெருக்கடிக் காலங்களை இதுவரை பெரிதும் ஆராய்ந்திருக்கிறோம். பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, எந்தத் தேதியில் போயாக வேண்டியிருந்தது என்ற கேள்வி அதிகம் எழுப்பப்படவில்லை. ஒரே வருமானமுள்ள இரண்டு வீடுகளில் ஒன்று மூட்டையாக அரிசி வாங்கும், மற்றது தினமும் அரைப்படி வாங்கும். இரண்டாவது வீட்டில் சிக்கனம் குறைவு என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால் அங்கேதான் அது அதிகம். இருந்தும் அரைப்படிக்காரர் கொடுக்கும் விலை கூடுதலாகவே இருக்கும். சிக்கனத்தின் வரலாற்றை இந்த இடைவெளியிலிருந்து பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

காவிரிப் படுகையின் பண்ணையாளுக்கு மாதக் கடைசி என்று ஒன்று கிடையாது. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அறுவடைக் களத்தில் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அரிசி விலை ஏறினாலும், வேலை இருக்கும்வரை, நெல்லாகக் கூலி வாங்குபவரின் சோறு அதே அளவில் இருக்கும். அவருடைய நெருக்கடி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்தது. பழைய நெல் தீர்ந்திருக்கும், தை அறுவடை தொலைவில் இருக்கும். மிராசுதார் அப்போது அளந்து கொடுத்த நெல் களத்துக் கூலியில் கழிக்கப்படும், கழியாத மிச்சம் ஆளை அந்தப் பண்ணையிலேயே கட்டிப்போடும். 1952-இன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை இந்த ஏற்பாட்டில் அரசு பெரிதாகக் கை வைக்கவில்லை. இதை ‘கிராமத்துப் பாதுகாப்பு’ என்று வருணிப்பவர்கள் களத்து மேட்டில் யார் மரக்காலைப் பிடித்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மாதக் கடைசி நகரத்தில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையில் கச்சேரி குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், ரயில்வே ஊழியர் என்று மாதச் சம்பளக்காரர்களின் கூட்டம் ஒன்று உருவானது. இவர்களுக்கு வீட்டில் குதிர் இல்லை, வாடகை உண்டு. அவர்கள் கண்டுபிடித்த முதல் வழி நிதி. 1872-இல் மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்டு தொடங்கியது. சம்பளம் வந்ததும் ஒரு சிறு தொகையை அங்கே கட்டிவிடுவது, கல்யாணமோ வைத்தியமோ வந்தால் அதன் பேரில் கடன் எடுப்பது என்பது ஏற்பாடு. மதராஸ் மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் விவசாயக் கடன் பற்றி 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாக அளித்த அறிக்கையில் இந்த நிதிகளைக் கவனமாக எடுத்துப் பேசுகிறார். ஐரோப்பியக் கூட்டுறவை இங்கே கொண்டுவரப் பரிந்துரைத்தவர், உள்ளூரில் ஏற்கெனவே ஒன்று நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்தார். எல்லா நிதிகளும் நிலைத்துவிடவில்லை. சேமிப்புக்கு வெள்ளைக்கார வணிக நிறுவனமே பத்திரமானது என்று நம்பியவர்களுக்கு, 1906 அக்டோபரில் அர்பத்நாட் நிறுவனம் திவாலானபோது பாடம் கிடைத்தது. அந்த வீழ்ச்சியின் தொடர்ச்சியாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றிய கதை பலரும் எழுதியது, இங்கே வேண்டியதில்லை.

நிதி பெரிய செலவுக்கு உதவியது. அன்றாட மளிகைக்கு உதவியவர் தெருமுனைக் கடைக்காரர். அவரிடம் பற்று நோட்டு இருக்கும். வீட்டிலிருந்து பையன் சிட்டையோடு போவான். துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய் வரும். தொகை நோட்டில் ஏறும். முதல் தேதியில் தீர்க்க வேண்டும். இந்தக் கடனுக்கு வட்டி எழுதப்படுவதில்லை. ஆனால் கணக்கு வைத்திருப்பவர் வேறு கடைக்குப் போக முடியாது, எடை குறைந்தாலும் தரம் தாழ்ந்தாலும் சத்தம் போட முடியாது. வட்டி பருப்புக்குள்ளேயே இருந்தது. 1904-இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் (டி.யு.சி.எஸ்.) தொடங்கப்பட்டதை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். அங்கே இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் உள்ளிட்ட படித்த மாதச் சம்பளக்காரர்கள் அதை முன்னின்று நடத்தினார்கள். அதே ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பண்டகசாலைகளுக்கு முறையான இடம் 1912 சட்டத்தில்தான் கிடைத்தது. எனவே டி.யு.சி.எஸ். சட்டத்தை முந்திக்கொண்டு பிறந்தது எனலாம். அதற்கு முன்மாதிரியான, 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் வகுத்த கூட்டுறவு நெறி ரொக்கத்துக்கு வாங்கு, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு பெறு என்றது. இதன் பலவீனமும் அதிலேயே இருந்தது: ரொக்கம் முன்கூட்டி இருப்பவருக்கே சரியான எடை. இருபத்தைந்தாம் தேதி கை காலியான வீடு திரும்பவும் பற்று நோட்டுக் கடைக்குத்தான் போயிற்று.

ஆலைத் தொழிலாளிக்கு இந்தச் சங்கமும் இல்லை, நிதியும் இல்லை. முதல் உலகப்போரின் இறுதியில் விலைகள் கட்டுக்கடங்காமல் போய், 1918 செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் பெரம்பூர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களிடையே மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்திருந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகிய இரண்டு உள்ளூர் வணிகர்கள் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவை அணுகியதில்தான் அந்தச் சங்கத்தின் தொடக்கம். கடைக்குள் வந்து போகும் ஆட்களின் நிலை வியாபாரிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

தொழிலாளர் கடன் பற்றிய மிக விரிவான அரசு ஆவணம் 1931-இல் வந்த ராயல் தொழிலாளர் ஆணைய அறிக்கை. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்களோ தனியாட்களோ கடனில் இருப்பதாக அது மதிப்பிட்டது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி சாதாரணம் என்றும் சொன்னது. பதினாறணா ஒரு ரூபாய் என்பதால் மாதம் ஆறேகால் சதவீதம், ஆண்டுக்கு 75. என் வாதத்துக்கு அதைவிட முக்கியம் ஆணையம் சொன்ன மருந்து. கூலியை உயர்த்து என்பதோடு நிற்காமல், ஆலைகளில் கூலி பதினாறு நாளுக்கு மேற்படாத இடைவெளியில் வழங்கப்பட வேண்டும் என்றது. மாதம் முழுக்க உழைத்துவிட்டு, அடுத்த மாதத்திலும் பல நாள் கழித்துச் சம்பளம் வாங்கினால், அந்த ஐந்தாறு வாரமும் முதலாளிக்குத் தொழிலாளி கொடுக்கும் கடன்தான். அதை ஈடுகட்ட அவர் ஓரணா வட்டிக்கு வாங்குகிறார். 1936-இன் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பதினாறு நாளை ஏற்கவில்லை. ஊதியக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, ஆயிரம் பேருக்குக் குறைந்த நிறுவனங்கள் ஏழாம் தேதிக்குள்ளும் பெரியவை பத்தாம் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும் என்று வரையறுத்தது. ‘ஏழாம் தேதி சம்பளம்’ என்ற நம் ஊர்ப் பேச்சுக்குப் பின்னால் இந்தச் சட்டம் இருக்கிறது. வாடகை ஐந்தாம் தேதி என்று வைத்த வீட்டுக்காரர்களைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

இதே முப்பதுகளில் புதுமைப்பித்தன் ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் சென்னை ஒண்டுக்குடித்தனத்து எழுத்தாளர் ஒருவரின் கைமாற்று வாழ்க்கையை எழுதினார். மாதச் சம்பளம்கூட உறுதியில்லாத படித்தவரின் நெருக்கடி அதில் பதிவாகியிருக்கிறது. அரசு அறிக்கைகளில் அந்த ஆளுக்குத் தலைப்பே கிடையாது.

யுத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போனதும் பர்மா அரிசி நின்றது. 1943-இல் கிரிகரி தலைமையிலான உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் ரேஷன் முறையைப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்து நகரங்களில் கியூவும் கார்டும் வழக்கத்துக்கு வந்தன. குடும்பக் கணக்கைப் பொறுத்தவரை ரேஷனின் புதுமை, அரிசிக்கு ஒரு விலையும் ஒரு நாளும் குறிக்கப்பட்டதுதான். அந்த நாளில் காசு இல்லாதவர் கார்டை வேறொருவரிடம் கொடுத்து வாங்கச் சொல்லிப் பாதியைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இதன் நிழல்.

1952 ஜூனில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார், மக்கள் பாராட்டினார்கள். அறுபதுகளின் நடுவில் நிலைமை தலைகீழானது. 1965 ஜனவரியில் தொடங்கிய இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்ததே நெல் எங்கே இருந்தது என்பதைக் காட்டும். அதே ஆண்டு பிரதமர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் தவிர்க்கச் சொன்னார். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கான அறிவுரை அது. 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது. வென்ற பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. இதை மலிவு விலை வாக்குறுதியாக மட்டுமே அரசியல் வரலாறுகள் பதிவு செய்கின்றன. அதில் உள்ள அளவையும் கவனிக்க வேண்டும். ஒரு படி என்பது தினக்கூலிக்காரர் அன்று மாலையே வாங்கக்கூடிய அளவு, ஒரு ரூபாய் அவர் கையில் அன்று இருக்கக்கூடிய தொகை. மூட்டை வாங்க முடியாதவரின் நாள் கணக்கைத் தேர்தல் மேடை புரிந்துகொண்ட தருணம் அது என்பேன். பிறகு 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997-இல் மத்திய அரசு பொது விநியோகத்தை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு அனைவருக்குமான முறையை விடவில்லை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம்.

அரிசிச் செலவு இப்படிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்த பிறகும் மாதக் கடைசி மறையவில்லை. காரணம், மிஞ்சிய செலவுகள் பொடியாக நறுக்க முடியாதவை. மண்ணெண்ணெயை அரை லிட்டர் வாங்கி ஸ்டவ்வில் ஊற்றலாம், 14.2 கிலோ எரிவாயு உருளையை அரையாக வாங்க முடியாது. 2015 ஜனவரியில் மானியம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு என்று நாடெங்கும் மாறியபோது, முழு விலையையும் முதலில் கொடுத்துவிட்டு மானியத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. தொகை மாறவில்லை, வரிசை மட்டும் மாறியது. உருளை தீர்ந்த அன்று கையில் முழுத் தொகை இல்லாத வீட்டுக்கு அந்த வரிசைதான் எல்லாம்.

மின்கட்டணம் இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2016 மே மாதத்தில் நூறு யூனிட் இலவசமானது. 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி, சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு அப்போது 1,725 ரூபாய் ஆனது. ஒரே ஒரு யூனிட் கூடினால் இரண்டாம் நூறுக்கான மலிவு விகிதம் போய்விட்டது, தொகை 1,958 ஆனது. 233 ரூபாய்க்கு ஒரு யூனிட்! கோடையில் கணக்கெடுப்பவர் வரும் வாரத்தில் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு கிரைண்டரைத் தள்ளிப்போடும் இல்லத்தரசிகள் இந்தக் கணக்கைப் பொருளாதார வல்லுநர்களைவிடத் துல்லியமாகச் செய்கிறார்கள்.

அந்த இல்லத்தரசியின் சொந்தக் கருவி சிறுவாடு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் கணவர் கண்ணில் படாமல் சேர்ந்த காசு. மாதக் கடைசியில் வீடு ஓடுவது அதில்தான். யாருக்கும் தெரியாமல் இருப்பதே அதன் பலம். 2016 நவம்பர் 8 இரவு ஐநூறு, ஆயிரம் நோட்டுகள் செல்லாது என்று ஆனபோது அந்தப் பலமே பலவீனமாயிற்று. மாற்றுவதற்கு வெளியே எடுக்க வேண்டும், எடுத்தால் வீட்டுக்குத் தெரியும். இந்த இழப்பு எந்த வங்கிப் புள்ளிவிவரத்திலும் வராது, நோட்டுகள் ஏறத்தாழ எல்லாம் வங்கிக்குத்தான் வந்து சேர்ந்தனவே! சீட்டுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. 1961-இல் மாநிலச் சட்டமும் 1982-இல் மத்தியச் சட்டமும் அதை வரையறுத்தன. தெருவில் பெண்கள் பிடிக்கும் தீபாவளிச் சீட்டும் பாத்திரச் சீட்டும் அந்தச் சட்டங்களுக்கு வெளியேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அந்தப் பழக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டன.

குழு இல்லாத இடத்தில் தண்டல். கணக்கை விரித்துப் பார்ப்போம். ஆயிரம் ரூபாய் கடன் என்று எழுதிவிட்டு நூறைப் பிடித்துக்கொண்டு 900 கையில் கொடுப்பார்கள். தினம் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வாங்குபவருக்கு இது ‘நூறு ரூபாய் வட்டி’. தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 78 சதவீதம். 1931-இல் ஆணையம் குறித்த 75 சதவீதத்துக்கும் இதற்கும் இடையில் விடுதலை, வங்கி தேசியமயம், 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. வட்டி இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குத் தண்டல்காரரின் கொடுமை மட்டும் காரணம் அல்ல. பூக்காரிக்குத் தினமும் காசு வருகிறது, தினமும் வந்து வாங்கிக்கொள்ளும் ஆள் தண்டல்காரர் ஒருவர்தான். மாதத் தவணை கேட்கும் வங்கிக்கு அவளுடைய நாட்காட்டி புரிவதில்லை.

2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, தொடக்கத்தில் சுமார் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே தேதியில், இரண்டு சம்பள நாட்களுக்கு நடுவில், வருகிறது. செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள் என்பதால் தேர்ந்தெடுத்த தேதி. கை காலியாகும் நாள்களைப் பார்த்து வைத்ததல்ல. ஆனாலும் பெண்ணின் பெயரில், மாத நடுவில், ரொக்கம் என்பது இக்கட்டுரை பேசிய நூற்றைம்பது ஆண்டுகளில் இவ்வளவு பெரிய அளவில் அரசு செய்யாத ஒன்று. முதல் மாதத்திலேயே சில வங்கிகள் அந்த ஆயிரத்திலிருந்து குறைந்தபட்ச இருப்பு இல்லாத கட்டணம் என்று பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளுக்கு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.